ஆகாயத்தில் கோளாறு: கடைக்காரர் கற்க வேண்டிய பாடம்



கடையில் தராசு நின்றுவிட்டால் பக்கத்துக் கடையில் ஒன்றை இரவல் வாங்கலாம். லாரி நின்றுவிட்டால் ஓரம் கட்டி மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பலாம். பறந்துகொண்டிருக்கும் விமானத்தில் ஒரு கருவி பழுதானால் ஓரம் கட்ட இடமில்லை. ஆள் அனுப்ப வழியில்லை. முன் அறையில் இருக்கும் இரண்டு பேர், கையில் இருக்கும் ஒரு புத்தகம், தொட்டியில் மிச்சமிருக்கும் எரிபொருள், இவற்றை வைத்துக்கொண்டுதான் அத்தனை உயிர்களையும் தரைக்குக் கொண்டுவர வேண்டும்.

விமானத்துக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நாங்கள் சேலம் செவ்வாய்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர்கள். ஏற்காடு, நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டை என்று சேர்வராயன் மலைக் கடைகளுக்கு 40 ஆண்டுகளாகச் சரக்கு அனுப்பி வருகிறோம். பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். விமானத்தைப் பற்றி எழுத எங்களுக்கு இருக்கும் தகுதி ஒன்றே ஒன்றுதான். கோளாறு வந்த நேரத்தில் ஒரு மனிதன் என்னென்ன தவறு செய்யலாமோ அத்தனையையும் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். விமானிகள் அந்தத் தவறுகளைச் செய்யாமல் இருக்க என்ன பழகுகிறார்கள் என்று தெரிந்துகொண்டபோது, இதை நமது சங்கத்து உறுப்பினர்கள் அனைவரும் அறிய வேண்டும் என்று தோன்றியது.

ஆயுத பூஜை அன்று மாலை

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. தராசு, கணக்குப் புத்தகம், கல்லாப்பெட்டி, வேன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கிட்டுக் கொடுத்து முடித்து, கடை ஆட்களோடு உட்கார்ந்திருந்தோம். டி.வி.யில் செய்தி வந்தது. திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு விமானம் வானத்திலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

எங்கள் கடையில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவரின் மகன் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். அந்தப் பிள்ளை அன்று அந்த விமானத்தில் இல்லை. ஆனாலும் பெரியவர் டி.வி. முன்னால் நின்றவர் நின்றபடியே இருந்தார். "ஏங்க மொதலாளி, கோளாறுன்னா ஒடனே எறக்கிப்புடலாமில்ல? எதுக்கு இப்பிடிச் சுத்திக்கிட்டே இருக்காங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

மாலை 5.40 மணி அளவில் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டு, இரவு 8.15 மணி அளவில் திருச்சியிலேயே பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. ஓடுபாதை அருகே ஆம்புலன்சுகளும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. அவற்றுக்கு வேலை வரவில்லை. பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருடைய கேள்வி மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைக் கீழே தருகிறோம்.

ஹைட்ராலிக் என்றால் என்ன?

நமது வேனில் பிரேக் பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் எண்ணெய் அழுத்தப்பட்டு, அந்த அழுத்தம் சக்கரத்தில் உள்ள பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. சிறிய ஜாக்கி பெரிய லாரியைத் தூக்குவதும் இதே தத்துவம்தான். விமானத்திலும் அப்படியே. சக்கரங்களை உள்ளே இழுக்க, வெளியே இறக்க, இறக்கையின் பின்பக்கத் தகடுகளை நீட்ட, பிரேக் பிடிக்க, திசை திருப்ப எல்லாவற்றுக்கும் அழுத்தப்பட்ட எண்ணெய்தான் வேலைக்காரன். அந்த அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு.

இவ்வளவு முக்கியமான வேலையை ஒரே ஆளிடம் ஒப்படைக்க மாட்டார்கள். திருச்சி விமானம் போயிங் 737 ரகம். அதில் இரண்டு தனித்தனி எண்ணெய் அமைப்புகளும், அவற்றுக்குத் துணையாக மூன்றாவது ஒன்றும் உண்டு. சக்கரத்தை இறக்கும் அமைப்பு கைவிட்டால், கையால் ஒரு பிடியை இழுத்துப் பூட்டை விடுவிக்கலாம். சக்கரம் தன் எடையாலேயே கீழே வந்து நிற்கும். இரண்டு முக்கிய அமைப்புகளும் போனால்கூட, கம்பி வடத்தின் வழியாக விமானி தன் கைப்பலத்தால் விமானத்தை ஒருவாறு திருப்ப முடியும்.

ஆகவே ஒரு கருவி போனவுடன் விமானம் விழுந்துவிடாது. மாற்று வழி இருக்கிறது. அந்த மாற்று வழியை நிதானமாகத் தேடி எடுக்கும் மனிதன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

முதல் பாடம்: முதலில் ஓட்டு

உலகம் முழுவதும் விமானிகளுக்குக் கற்றுத் தரும் வரிசை மூன்றே சொற்களில் அடங்கும். முதலில் ஓட்டு. அடுத்து வழியைப் பார். பிறகு சொல். கோளாறு எதுவானாலும் விமானத்தை நேராகவும் பத்திரமான உயரத்திலும் வேகத்திலும் வைத்திருப்பதே முதல் கடமை. எங்கே போகிறோம், எங்கே இறங்கலாம் என்று பார்ப்பது இரண்டாவது. தரையில் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்வது மூன்றாவது. பழுது என்னவென்று ஆராய்வதுகூட, விமானம் ஒருவர் கையில் பத்திரமாக இருக்கிறது என்று உறுதியான பிறகுதான்.

இந்த வரிசை தவறினால் என்ன ஆகும்? 1972 டிசம்பர் 29 அன்று இரவு, நியூயார்க்கிலிருந்து அமெரிக்காவின் மயாமி நகருக்கு ஒரு பெரிய விமானம் வந்தது. மூக்குச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறிய விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது; பல்புதான் பழுது. விமானத்தைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டு, முன் அறையில் இருந்த அனைவரும் அந்தப் பல்புப் பிரச்சினையில் மூழ்கிவிட்டார்கள். இதற்கிடையில் தானியங்கிக் கருவியின் பிடி நழுவி விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. எச்சரிக்கை மணி ஒலித்தது. யார் காதிலும் ஏறவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து, இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தார்கள். ஒரு பல்புக்காக.

இதைப் படித்தபோது எங்களுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு முந்திய வாரம், கூட்டம் நெருக்கும் நேரத்தில், எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளை, எங்கள் தம்பி, கடைப்பையன்கள் இரண்டு பேர், நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிக் குனிந்துகொண்டோம். ஆளுக்கொரு யோசனை. முக்கால் மணி நேரம் கழித்து அது உயிர் பெற்றது. நிமிர்ந்து பார்த்தால் பழைய வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் போய்விட்டிருந்தார்கள். இரவு இருப்புப் பார்த்தபோது எண்ணெய் டின் மூன்று குறைந்தது. கையால் சிட்டை எழுதத் தெரியாதவர்கள் யாரும் அங்கே இல்லை. 30 ஆண்டுகள் சிட்டை எழுதியே வியாபாரம் செய்தவர்கள் நாங்கள். ஆனாலும் கம்ப்யூட்டரைச் சரிசெய்ய ஒருவர் போதும், மற்றவர்கள் கடையைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் பாடம்: வேலையைப் பிரித்துக்கொள், வீண் பேச்சை நிறுத்து

விமானத்தில் கோளாறு வந்தவுடன் இருவரில் ஒருவர் ஓட்டும் பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி ஏற்கிறார். மற்றவர் புத்தகம் பார்ப்பது, ரேடியோவில் பேசுவது முதலியவற்றைக் கவனிக்கிறார். யார் எதைச் செய்கிறார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. விமானம் 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, கோளாறு இல்லாத நாளில்கூட, ஓட்டும் வேலைக்குத் தேவையில்லாத பேச்சு முன் அறையில் கூடாது என்பது விதி.

இந்த விதியை எங்களுக்கு ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு டிரைவர் கற்றுக்கொடுத்தார். 1991ஆம் ஆண்டு, மிளகு சீசன். மலையிலிருந்து மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் சொந்த வேனில் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு நடை மிச்சப்படுத்தலாம் என்று நாலு மூட்டை கூடுதலாக ஏற்றச் சொன்னது நாங்கள்தான். பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகிறது என்று டிரைவர் முதல் நாளே சொல்லியிருந்தார். சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்று சொன்னதும் நாங்கள்தான்.

ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி மலை இறங்கியிருப்போம். பெடல் அடிவரை போய்விட்டது, பிரேக் பிடிக்கவில்லை. ஒரு குழாயில் கசிவு. விமானத்துக்கு வரும் அதே ஹைட்ராலிக் கோளாறுதான், தரையில் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் முன்னால் உட்கார்ந்திருந்தோம். "ஹேண்ட் பிரேக்கைப் போடு", "லெஃப்ட்ல ஒடி", "ஆர்ன் அடி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். டிரைவர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொதலாளி, செத்த பேசாம இருங்க. வண்டிய நான் பாத்துக்கறேன். தம்பி மட்டும் கீழ வண்டி ஏறுதான்னு பாத்துச் சொல்லட்டும்" என்றார்.

பிறகு கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். வேகம் குறைந்தது. பின்னர் ஒன்றுக்கு வந்தார். பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்தையே ஒட்டி ஓட்டினார். "பஸ் வருது" என்று தம்பி சொன்னான். அடுத்த வளைவுக்குக் கீழே ஆட்கள் நிறைந்த பஸ் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. டிரைவர் வேனை மலைப்பக்க வாய்க்காலில் இறக்கி, மண் சரிவில் உரசி நிறுத்தினார். கதவும் விளக்கும் போயின. மூன்று பேரும் பிழைத்தோம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

அன்று நாங்கள் கத்தியது அவருக்கு உதவி அல்ல, இரண்டாவது கோளாறு. வேலை தெரிந்தவன் கையில் பொறுப்பு இருக்கும்போது முதலாளி செய்யக்கூடிய பெரிய உதவி, அவன் கேட்டதை மட்டும் செய்வதுதான்.

மூன்றாம் பாடம்: புத்தகத்தைப் பார்த்து, வாய்விட்டுப் படி

விமானிகள் எல்லாக் கோளாறுக்கும் மனப்பாடமாக வைத்திருப்பதை நம்புவதில்லை. தீ, காற்றழுத்தக் குறைவு போன்ற சில ஆபத்துகளுக்கு மட்டும் முதல் சில செயல்களை மனப்பாடமாகச் செய்வார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் கோளாறு வாரியாக எழுதிய கையேடு உண்டு. ஒருவர் வரி வரியாக உரக்கப் படிப்பார். அதன்படி செய்ததும் பதில் சொல்லிச் சரிபார்ப்பார்கள். 20 வருட அனுபவசாலியும் அப்படித்தான். அபாய நேரத்தில் மனிதனுக்கு அறிவு போவதில்லை, வரிசை போய்விடுகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை.

திரும்பப் பெற முடியாத செயல் என்றால் இன்னும் கவனம். ஒரு இன்ஜினை நிறுத்துவதாக இருந்தால், ஒருவர் அந்த இன்ஜினுக்குரிய பிடியில் கை வைத்து, மற்றவர் அது சரியான பிடிதான் என்று உறுதி சொன்ன பிறகே நிறுத்த வேண்டும். 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் கெக்வொர்த் என்ற ஊருக்கருகில் விழுந்த விமானத்தில், இடது இன்ஜின் பழுதாகியிருக்க, நன்றாக ஓடிய வலது இன்ஜினை அவசரத்தில் நிறுத்திவிட்டார்கள். 47 பேர் இறந்தனர். இடது பக்கம் நெருப்பு தெரிவதைப் பின்னால் இருந்தவர்கள் சிலர் கண்ணால் பார்த்தார்கள். வலது இன்ஜினில் கோளாறு என்று விமானி ஒலிபெருக்கியில் சொன்னது அவர்களுக்கு விசித்திரமாகப் பட்டது. ஆனால், விமானிக்குத் தெரியாததா என்று யாரும் போய்ச் சொல்லவில்லை.

நமது கடைகளிலும் இது உண்டு. பையன் பார்த்திருப்பான், முதலாளிக்குத் தெரியும் என்று சும்மா இருப்பான். அவன் முன்பு ஒரு தடவை சொன்னபோது நாம் எரிந்து விழுந்திருப்போம்.

நான்காம் பாடம்: எடையைக் குறை, ஆனால் அளவைப் பார்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். திருச்சி விமானம் ஏன் உடனே இறங்கவில்லை?

மூட்டை தூக்குகிறவருக்குப் புரிகிற பதில் இது: சுமையோடு குதிக்கக் கூடாது. இந்த ரக விமானம் ஏறத்தாழ 79 டன் வரை எடையோடு மேலே கிளம்பலாம். இறங்கும்போதோ ஏறத்தாழ 66 டன்னுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. போகப் போக எரிபொருள் தீர்ந்து எடை குறையும் என்ற கணக்கில்தான் கிளம்புகிறார்கள். கிளம்பியவுடன் திரும்ப வேண்டுமென்றால் தொட்டி நிறைய எரிபொருள் இருக்கும். எடை கூடினால் இறங்கும் வேகம் கூடும். வேகம் கூடினால் நிற்க அதிக தூரம் வேண்டும். ஹைட்ராலிக் குறைவால் பிரேக்கோ இறக்கைத் தகடுகளோ முழுமையாக வேலை செய்யுமா என்ற சந்தேகமும் சேர்ந்தால், ஓடுபாதையின் நீளம் உயிர்ப் பிரச்சினை ஆகிவிடும். திருச்சி ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

மிகப் பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானத்திலேயே வெளியேற்றும் வசதி உண்டு. 737இல் அது கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்; மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரியும். ஆகவே எடையைக் குறைக்கத்தான் அந்த இரண்டு மணி நேர வட்டம். வெளியே இருந்து பார்த்த நமக்குத் தவிப்பு. உள்ளே இருந்தவர்களுக்கு அது திட்டமிட்ட வேலை. அதே நேரம் தரையில் உள்ளவர்களுக்குத் தயாராக அவகாசமும் கிடைத்தது. விமானத்தில் தீப்பிடித்திருந்தால் எடை வரம்பைப் பார்க்காமல் உடனே இறக்கியிருப்பார்கள். எந்த ஆபத்து பெரியது என்று எடை போடுவதுதான் விவேகம்.

ஆனால் சுற்றுவதற்கும் அளவு உண்டு. 1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு 189 பேரோடு வந்த விமானத்தில், சக்கரம் இறங்கும்போது பெரிய சத்தம் கேட்டது. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று ஆராய்ந்தபடியும், பயணிகளைத் தயார் செய்தபடியும் சுமார் ஒரு மணி நேரம் சுற்றினார் தலைமை விமானி. எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. அவர் மனதில் அது பதியவில்லை. எரிபொருள் முற்றிலும் தீர்ந்து விமானம் ஊரின் புறநகரில் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். சக்கரம் இறங்கிப் பூட்டித்தான் இருந்தது என்று பின்னர் தெரிந்தது.

அந்த விபத்துக்குப் பிறகுதான், கீழே இருப்பவர் துணிந்து சொல்லவும் மேலே இருப்பவர் காது கொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. 1981இல் ஒரு அமெரிக்க விமான நிறுவனம் தொடங்கிய அந்தப் பயிற்சி இன்று உலகம் முழுவதும் கட்டாயம்.

திருச்சியில் சுற்றியதும் சுற்றல், போர்ட்லண்டில் சுற்றியதும் சுற்றல். முதலாவதில் அளவு தெரிந்து சுற்றினார்கள். இரண்டாவதில் அளவு மறந்து சுற்றினார்கள். பதறாத காரியம் சிதறாது என்பது உண்மைதான். பதறாமல் இருப்பதும் பாராமல் இருப்பதும் ஒன்றல்ல.

ஐந்தாம் பாடம்: மிச்சமிருப்பதை எண்ணு

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்தில், சில நிமிடங்களிலேயே நான்கு இன்ஜின்களில் ஒன்று வெடித்தது. உள்ளே 469 பேர். சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து எரிபொருள் தொட்டி, மின்கம்பி, ஹைட்ராலிக் எல்லாவற்றையும் சேதப்படுத்தின. திரையில் கோளாறுச் செய்திகள் அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. முன் அறையில் ஐந்து விமானிகள் இருந்தும், படித்துத் தீர்க்க ஏறத்தாழ 50 நிமிடம் ஆயிற்று.

தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் மனக்கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். எதெல்லாம் போயிற்று என்று எண்ணுவதை விட்டு, எதெல்லாம் வேலை செய்கிறது என்று எண்ணத் தொடங்கினார். மிச்சமிருந்ததை வைத்து விமானத்தைச் சாங்கி விமான நிலையத்திலேயே இறக்கினார். இறங்கிய பின்னும் எரிபொருள் ஒழுகியது, பிரேக் கொதித்தது, ஒரு இன்ஜின் நிற்க மறுத்தது. பயணிகளை அவசர வழியாகக் குதிக்க வைக்காமல், உள்ளே இருப்பதே பத்திரம் என்று முடிவு செய்து, பிறகு படிக்கட்டு வழியாக ஒழுங்காக இறக்கினார். ஒருவருக்கும் காயமில்லை.

இதைப் படித்தபோது எங்கள் கிடங்கு நினைவுக்கு வந்தது. ஓர் ஐப்பசி மழை இரவில் கூரை பெயர்ந்து தண்ணீர் கொட்டியது. நனைந்த சர்க்கரை மூட்டைகளை எண்ணி எண்ணி நஷ்டக் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றோம். அதே நேரத்தில் நனையாத பருப்பு மூட்டைகளை நகர்த்தியிருக்க வேண்டும். எண்ணி முடித்தபோது அவையும் நனைந்துவிட்டன. போனது 12 மூட்டை. எங்கள் புலம்பலால் போனது அதற்கு மேல் 20 மூட்டை.

கடைக்கு ஒரு சீட்டு

மேலே கண்டவற்றை எங்கள் கடைக்கு ஏற்றபடி ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் கடைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. எது நின்றாலும் வியாபாரம் நடக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழுதைப் பார்க்க, மற்றவர்கள் கடையையும் கல்லாவையும் கவனிக்க வேண்டும்.

2. யார் எதைப் பார்க்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

3. மின்தராசு நின்றால் முத்திரையிட்ட படிக்கற்களும் கைத்தராசும் எங்கே, கம்ப்யூட்டர் நின்றால் சிட்டைப் புத்தகம் எங்கே என்பது கடைசிப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

4. மின்சாரம், தீ, வண்டி, கூரை ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்து, அந்த நேரத்தில் உரக்கப் படித்துச் செய்ய வேண்டும். தீயென்றால் முதலில் ஆட்களை வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும், சரக்கு பிறகுதான்.

5. மெயின் சுவிட்சை நிறுத்துவது, செக்கைத் திருப்புவது, ஆளை வேலையிலிருந்து நிறுத்துவது போன்ற மீட்க முடியாத காரியத்துக்கு இரண்டு பேர் சம்மதம் வேண்டும்.

6. தவறு கண்டவன் சின்னவனானாலும் சொல்ல வேண்டும். சொன்னவனை ஏசக் கூடாது. அவன் சொன்னது தவறாக இருந்தாலும் ஏசக் கூடாது.

7. போனதை ராத்திரி எண்ணலாம். இருப்பதை இப்போதே காப்பாற்ற வேண்டும்.

மலைக்குச் சரக்கு ஏற்றுபவர்களுக்கு மட்டும் எட்டாவதாக ஒன்று. டிரைவர் பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், அன்று வண்டி கிளம்பக் கூடாது. எந்தச் சீசனானாலும் சரி.

மாதக் கூட்டத்தில் பேச

பாடத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தால் பயனில்லை. விமானிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் பொம்மை விமான அறையில் உட்கார்ந்து, வராத கோளாறை வந்ததாக வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். நாமும் பழகலாம். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்க்கட்டும். பண்டிகைக்கு முதல் நாள் மாலை உங்கள் கடையில் மின்சாரம் போனால், முதல் ஐந்து நிமிடத்தில் யார் என்ன செய்வார்? உங்கள் கடையில் வயதில் சிறிய பையன் கடைசியாக உங்கள் தவறை எப்போது சுட்டிக்காட்டினான்? உங்கள் வண்டியில், தராசில், கூரையில், பிறகு பார்க்கலாம் என்று தள்ளி வைத்திருக்கும் பழுது எது?

மூன்றாவது கேள்விக்கு எங்கள் பதிலை முதலில் சொல்லிவிடுகிறோம். 1991இல் அந்த டிரைவர் பெடலைப் பற்றிச் சொன்ன நாளில் அரை நாள் வேனை நிறுத்தியிருந்தால் மலையில் அந்த நிமிடம் வந்திருக்காது. அதற்கு முந்திய புரட்டாசியில்தான் அதே வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டியிருந்தோம். ஆயுதத்துக்குப் பூஜை வருஷத்துக்கு ஒரு நாள் போதும். பராமரிப்பு தினமும் வேண்டும் என்பதை அந்த வாய்க்காலில் நின்றபோதுதான் உணர்ந்தோம்.

அந்த டிரைவர் அதன் பிறகு 18 ஆண்டுகள் எங்களிடம் வேலை செய்து ஓய்வு பெற்றார். அவர் இருந்தவரை வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிப்போம். கிளம்பலாமா கூடாதா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். இன்றும் எங்கள் கடையில் அதுதான் வழக்கம்.